வீடியோ மாறியது, தேர்வறை மாறவில்லை: என்பிடெல் முதல் ஐஐடி மெட்ராஸின் பிஎஸ் பட்டம் வரை

ஏப்ரலிலும் அக்டோபரிலும் ஒரு வார இறுதியில் எங்கள் கல்லூரிப் பேருந்து விடியற்காலை ஐந்தரைக்கே கிளம்பிவிடும். உள்ளே நாற்பது பிள்ளைகள் இருப்பார்கள். பாதிப் பேர் தூக்கத்தில், மீதிப் பேர் கைபேசியில் பழைய வினாக்களைப் புரட்டிக்கொண்டு. எல்லார் கையிலும் ஹால் டிக்கெட்டும் ஆதார் அட்டையும் இருக்கும். பன்னிரண்டு வாரம் இணையத்தில் படித்த பாடத்துக்கு, பக்கத்து மாவட்டத் தலைநகரில் உள்ள கணினித் தேர்வு மையத்தில் போய் உட்கார்ந்து மூன்று மணி நேரம் தேர்வு எழுத வேண்டும். அதற்குத்தான் இந்தப் பயணம்.

நான் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் ஆசிரியர். சில ஆண்டுகள் எங்கள் கல்லூரியின் ‘ஸ்பாக்’ ஆகவும் இருந்தேன். ஐஐடிகள் இணையத்தில் பாடம் நடத்தும் என்பிடெல் திட்டத்தின் நிர்வாகத்துக்கும் கல்லூரிக்கும் நடுவில் நின்று பதிவு, கட்டணம், நினைவூட்டல் எல்லாம் பார்த்துக்கொள்ளும் ஆசிரியருக்கு அப்படி ஒரு பெயர். அந்தப் பேருந்தில் பலமுறை போயிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் ஏதாவது ஒரு பிள்ளை கேட்கும்: “சார், படிச்சது வீட்டுல, அசைன்மென்ட் போட்டது போன்ல, தேர்வை மட்டும் ஏன் சார் அங்க போய் எழுதணும்?”

நியாயமான கேள்விதான். இந்த ஆய்வு அந்தக் கேள்வியிலிருந்துதான் பிறந்தது. இருபது ஆண்டுகளில் இணையவழிக் கல்வியின் தொழில்நுட்பம் ஐந்தாறு முறை தலைகீழாக மாறிவிட்டது. ஐஐடி மெட்ராஸ் அந்த மாற்றங்களில் எதைத் தூக்கிப்போட்டது, எதைக் கையில் பிடித்துக்கொண்டே வந்தது என்பதைப் பார்ப்போம்.

ஹார்ட் டிஸ்க்கில் வந்த ஐஐடி

என்பிடெல் 2003-இல் மத்திய மனிதவள மேம்பாட்டு அமைச்சகத்தின் நிதியில் தொடங்கியது. சென்னை, மும்பை, டெல்லி, கான்பூர், கரக்பூர், குவாஹாட்டி, ரூர்க்கி ஆகிய ஏழு ஐஐடிகளும் பெங்களூரின் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து நடத்திய திட்டம் இது. அப்போது சென்னை ஐஐடியின் இயக்குநராக இருந்த எம்.எஸ். ஆனந்த் இதை முன்னின்று நடத்தினார். நாடு முழுவதும் பொறியியல் கல்லூரிகள் முளைத்துக்கொண்டிருந்த காலம் அது. கட்டடம் இருந்தது, மாணவர் இருந்தார்கள், பாடம் நடத்த ஆள்தான் போதவில்லை. நேற்று பி.இ. முடித்தவர் இன்று வகுப்பெடுப்பது வெகு சாதாரணம். நானும் அப்படி வந்தவன்தான் என்பதால் அந்தப் பற்றாக்குறையின் வலி எனக்குத் தெரியும்.

முதல் கட்டத்தில் சிவில், மெக்கானிக்கல், எலெக்ட்ரிக்கல், எலெக்ட்ரானிக்ஸ், கணினி அறிவியல் என்று ஐந்து துறைகளுக்குப் பாடங்கள் தயாராயின. பேராசிரியர் ஸ்டூடியோவில் நின்று, வகுப்பில் நடத்துவது போலவே ஒரு மணி நேரம் நடத்துவார். அது வீடியோவாகப் பதிவாகும். எழுத்து வடிவப் பாடங்கள் தனியாக இணையத்தில் ஏறின. வீடியோக்கள் ‘ஏகலவ்யா’ என்ற தொலைக்காட்சி அலைவரிசையில் ஒளிபரப்பாயின. அலைவரிசையின் நேரமும் கல்லூரியின் கால அட்டவணையும் எப்போது ஒத்துப்போகும்? எங்கள் நூலகத்தில் தொலைக்காட்சி இருந்தது. தெர்மோடைனமிக்ஸ் ஒளிபரப்பாகும் நேரத்தில் பிள்ளைகள் ஆய்வகத்தில் இருப்பார்கள்.

அப்புறம் வந்தது ஹார்ட் டிஸ்க். கல்லூரிகள் கேட்டு வாங்கினால் மொத்தப் பாடங்களையும் அதில் ஏற்றிக் கொடுத்தார்கள். கல்லூரியின் உள்வலைச் சர்வரில் ஏற்றிவிட்டால் இணையம் இல்லாமலே பார்க்கலாம். இணைய இணைப்பு நத்தையாய் ஊர்ந்த காலத்தில் இது மிகப் பெரிய உதவி. இன்று யாரும் இதைப் பேசுவதில்லை. ஆனால் எங்கள் தலைமுறை ஆசிரியர்கள் பலர் அந்த ஹார்ட் டிஸ்க்கைப் பார்த்துத்தான் பாடம் நடத்தக் கற்றுக்கொண்டோம். மறுநாள் வகுப்புக்கு முந்தைய இரவு சர்வர் அறையில் உட்கார்ந்து, ஐஐடி பேராசிரியர் ஒரு சமன்பாட்டை எங்கிருந்து தொடங்குகிறார் என்று பார்ப்போம். மாணவருக்காகச் செய்யப்பட்ட திட்டம் ஆசிரியரைத்தான் முதலில் வளர்த்தது.

இந்த வீடியோக்களை யூடியூபிலும் ஏற்றினார்கள், பிறரும் பகிர அனுமதிக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில். வீடியோவை ஓடவைக்கும் வேலையைத் தாங்களே சுமக்காமல் யூடியூபிடம் விட்டது நல்ல முடிவு என்றே சொல்வேன். 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா மலிவானபோது, பாடங்கள் ஏற்கெனவே அங்கே காத்திருந்தன. கிராமத்துப் பையன் கைபேசியில் 144பி தரத்தில் வைத்துக்கொண்டாவது பார்த்துவிடுவான். எங்கள் சர்வர் அறையில் ஹார்ட் டிஸ்க் தூசி படிந்தது.

2014: பார்ப்பதிலிருந்து தேறுவதற்கு

பத்தாண்டு வீடியோக்களில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. ஒரு மாணவி நாற்பது வகுப்புகளையும் முழுமையாகப் பார்த்து முடித்தாலும் அதைக் காட்ட அவளிடம் ஒன்றும் இராது. அந்த ஓட்டையை அடைக்க 2014 மார்ச்சில் சான்றிதழ்ப் பாடங்கள் தொடங்கின. சேர்வதற்குக் கட்டணம் இல்லை. ஒவ்வொரு வாரமும் வீடியோக்கள் திறக்கும், ஓர் அசைன்மென்ட் வரும், அதற்குக் கெடு இருக்கும். சான்றிதழ் வேண்டுமென்றால் மட்டும் பணம் கட்டித் தேர்வு மையத்தில் நேரில் எழுத வேண்டும். பல ஆண்டுகளாக அந்தக் கட்டணம் 1000 ரூபாய் என்ற அளவில் இருந்தது, பட்டியலினத்தவருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் பாதி.

இதற்கான தளத்தை அவர்கள் எப்படி அமைத்தார்கள் என்பது கவனிக்க வேண்டிய கதை. கூகுள் 2012-இல் வெளியிட்ட ‘கோர்ஸ் பில்டர்’ என்ற, இணையப் பாடங்கள் நடத்த உதவும் திறந்த மூல மென்பொருளை எடுத்துக்கொண்டார்கள். 2013 செப்டம்பரிலேயே கூகுள், இணையப் பாடங்கள் நடத்தும் எட்எக்ஸ் நிறுவனத்துடன் கைகோத்து, தன் கவனத்தை அதன் திறந்த மூல மென்பொருளான ஓப்பன் எட்எக்ஸ் பக்கம் திருப்பிவிட்டது. அதாவது என்பிடெல் குடியேறிய வீட்டைக் கட்டியவரே வேறு தெருவுக்குப் போகத் தொடங்கியிருந்தார். போதாததற்கு, கோர்ஸ் பில்டர் பைதான் 2.7 என்ற நிரல்மொழிப் பதிப்பில் எழுதப்பட்டது. பைதான் 2-க்கான ஆதரவு 2020 ஜனவரி 1-உடன் முடிந்தது. வாடகைக்கு எடுத்த மூடிய மென்பொருளாக இருந்திருந்தால் இந்த இரண்டில் ஒன்றே போதும், எல்லாப் பாடங்களையும் மூட்டை கட்ட வேண்டியிருந்திருக்கும். மூலநிரல் கையில் இருந்ததால் அதை வைத்துக்கொண்டு தங்கள் தேவைக்கு வளர்க்க முடிந்தது.

எட்எக்ஸுக்கு என்ன ஆயிற்று? ஹார்வர்டும் எம்ஐடியும் சேர்ந்து தொடங்கிய அந்தத் தளத்தை 2021-இல் 2யூ என்ற நிறுவனத்துக்கு 80 கோடி டாலருக்கு விற்றார்கள். 2024 ஜூலையில் 2யூ திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது. உலகின் பணக்காரப் பல்கலைக்கழகங்களே தளத்தைக் கைவிட்ட காலத்தில், நம் ஊர்ப் பொதுக் கல்வி நிறுவனம் ஒன்று தன் தளத்தை விற்காமல் வைத்துக்கொண்டது எனக்குப் பெருமையான விஷயம்.

2017 ஜூலை 9 அன்று அரசின் இணையப் பாடத் தளமான ‘ஸ்வயம்’ வந்தது. முதலில் மைக்ரோசாஃப்ட் உதவியுடன் உருவானது. பின்னர் ஐஐடி மெட்ராஸின் என்பிடெல் குழு, கூகுள், பெர்சிஸ்டன்ட் என்ற மென்பொருள் நிறுவனம் ஆகியோர் சேர்ந்து மாற்றி அமைத்தார்கள். மாணவருக்கு இதில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. பதிவு செய்யும் பக்கம் மாறியது, அவ்வளவுதான்.

மாணவர் வாழ்வில் உண்மையான மாற்றத்தைக் கொண்டுவந்தது தளமல்ல, விதி. ஒரு பருவத்தின் பாடங்களில் 20 சதவீதம் வரை ஸ்வயம் வழியாகப் படித்து மதிப்பலகு (கிரெடிட்) பெறலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2016-இல் ஒழுங்குமுறை கொண்டுவந்தது. 2021-இல் அது 40 சதவீதமானது. ஆர்வத்தால் படித்த சிலரின் இடம், கிரெடிட்டுக்காகப் படிக்கும் கூட்டத்தின் இடமாக மாறியது. ஸ்பாக் என்ற முறையில் எனக்கு உண்மையான தலைவலி அங்கேதான் தொடங்கியது.

இருபத்தைந்தும் எழுபத்தைந்தும்

என்பிடெல் மதிப்பெண் கணக்கு எளியது. அசைன்மென்டுக்கு 25, தேர்வுக்கு 75. பன்னிரண்டு வாரப் பாடம் என்றால் சிறந்த எட்டு அசைன்மென்டுகளின் சராசரியை எடுப்பார்கள். எட்டு வாரம் என்றால் ஆறு. இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது: மொத்தமாக 40 வாங்கினால் போதாது. அசைன்மென்டில் 10-உம் தேர்வில் 30-உம் தனித்தனியாக எடுக்க வேண்டும். ஒன்றை வைத்து மற்றொன்றை ஈடுகட்ட முடியாது.

இந்தத் தனித்தனிக் கோடு ஏன் முக்கியம் என்று எனக்குப் புரிய இரண்டு பருவம் ஆனது. எங்கள் நிர்வாகம் ஓர் ஆண்டு, துறைக்கு இத்தனை பேர் கட்டாயம் சேர வேண்டும் என்று எண்ணிக்கை வைத்தது. கல்லூரிகளின் உள்ளூர் மையங்களை என்பிடெல் தரவரிசைப்படுத்துகிறது, அதில் மேலே வர வேண்டுமாம். பிள்ளைகள் சேர்ந்தார்கள். அசைன்மென்ட் விடைகள் வாராவாரம் யூடியூபிலும் டெலிகிராமிலும் கிடைத்தன. கெடு முடிவதற்கு முந்தைய நாள் இரவு பத்து மணிக்கு வாட்சப் குழுவில் ஒருவன் படம் எடுத்துப் போடுவான், பத்தரைக்குள் அறுபது பேர் சமர்ப்பித்திருப்பார்கள். அந்தப் பருவம் எங்கள் பிள்ளைகள் பலர் அசைன்மென்டில் 25-க்கு 24 வாங்கினார்கள். நிர்வாகம் மகிழ்ந்தது.

தேர்வு முடிவு வந்தது. 24 வாங்கிய ஒருவன் 75-க்கு 19. அவனைப் போல இன்னும் பலர். தொடர்ந்து 16, 17 என்று அசைன்மென்ட் போட்டுக்கொண்டிருந்த ஒரு மாணவி, தவறிய கேள்விகளை என்னிடம் கொண்டுவந்து சண்டை பிடித்தவள், தேர்வில் 58 எடுத்து, நல்ல மதிப்பெண்ணுக்குத் தரும் ‘எலீட்’ சான்றிதழ் வாங்கினாள். அந்தத் தாளை அவள் என்னிடம் காட்டியபோது எனக்கு விஷயம் விளங்கியது. வீட்டில் போடும் அசைன்மென்ட் கற்றுக்கொள்ளும் இடம். அங்கே யார் போட்டது என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது என்பதை வடிவமைத்தவர்கள் ஆரம்பத்திலேயே ஏற்றுக்கொண்டார்கள். அதற்கு 25-க்கு மேல் கொடுக்கவில்லை. நம்பிக்கை வைக்க வேண்டிய மதிப்பெண்ணைத் தேர்வறையில் வைத்தார்கள்.

2014-இல் இதைப் பழமைவாதம் என்று சொன்னவர்கள் உண்டு. உலகமே கேமரா வழிக் கண்காணிப்புக்குப் போகும்போது இவர்கள் மட்டும் பிள்ளைகளைப் பேருந்தில் ஏற்றுகிறார்களே என்று நானே அலுத்துக்கொண்டிருக்கிறேன்.

2020: கதவைத் திறந்து வைத்த பட்டம்

2020 மார்ச்சில் கல்லூரிகள் மூடின. பெரும்பாலான இடங்களில் நடந்தது இதுதான்: பழைய கால அட்டவணையை அப்படியே எடுத்து கூகுள் மீட்டில் வைத்தோம். காலை ஒன்பது முதல் மாலை நான்கு வரை பிள்ளைகள் கைபேசியைப் பார்த்தபடி உட்கார்ந்தார்கள், நாங்கள் அணைந்த கேமராக்களைப் பார்த்துப் பேசினோம். அது இணையவழிக் கல்வி அல்ல, வகுப்பறையின் நிழல். அந்த ஆண்டு படித்த பிள்ளைகளை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது.

அதே ஆண்டு ஜூன் 30 அன்று ஐஐடி மெட்ராஸ், புரோகிராமிங் மற்றும் தரவு அறிவியலில் இணையவழி இளநிலைப் பட்டத்தை அறிவித்தது. பிறகு அது நான்காண்டு பிஎஸ் பட்டமாக விரிந்தது. ஊரடங்கு நாளில் வந்தாலும் இது அவசரத்தில் பிறந்தது அல்ல. வாராந்திர வெளியீடு, அசைன்மென்ட் கெடு, ஊர் ஊராகத் தேர்வு மையம் என்று ஆறு ஆண்டு பழகிய கை செய்த வேலை.

இந்தப் பட்டத்தில் என்னை மிகவும் ஈர்த்தது சேர்க்கை முறை. ஐஐடி நுழைவுத் தேர்வான ஜேஇஇ தேவையில்லை. பன்னிரண்டாம் வகுப்பு எந்தப் பிரிவில் முடித்தவரும், பத்தாம் வகுப்பில் கணிதமும் ஆங்கிலமும் படித்திருந்தால் விண்ணப்பிக்கலாம். நான்கு வாரம் உண்மையான பாடங்களையே நடத்துவார்கள். அசைன்மென்டில் குறைந்தபட்ச மதிப்பெண் எடுத்தவர்கள் நேரில் தகுதித் தேர்வு எழுத வேண்டும். அதில் குறிப்பிட்ட மதிப்பெண்ணைத் தாண்டிய எல்லாருக்கும் இடம் உண்டு. வகுப்பறை நாற்காலி எண்ணிக்கை தடையாக இல்லாதபோது யாரை வெளியே நிறுத்த வேண்டும் என்ற கேள்வியே மாறிவிடுகிறது. உன்னைவிட எத்தனை பேர் மேல் என்று பார்க்காமல், இந்தப் பாடத்தைத் தாங்க உன்னால் முடியுமா என்று மட்டும் பார்க்கிறார்கள். இணையத் தொழில்நுட்பம் இந்த நாட்டுப் பிள்ளைகளுக்குச் செய்த நல்ல காரியங்களில் இதை முதல் வரிசையில் வைப்பேன்.

வெளியேறும் வழிகளும் அப்படியே. அடித்தள நிலை 32 கிரெடிட், அது முடிந்தால் ஒரு சான்றிதழ். அடுத்து டிப்ளமோ. 114 கிரெடிட்டில் பிஎஸ்சி, 142-இல் பிஎஸ். வேலைக்குப் போகிறவர், குழந்தை பெற்றவர், இன்னொரு கல்லூரியில் பி.காம் படிப்பவர் என்று யாராயிருந்தாலும் நின்று நின்று போகலாம். வருமானம் குறைந்த குடும்பத்தினருக்கு 75 சதவீதம் வரை கட்டணச் சலுகை உண்டு.

முகம் பார்க்காமல் படிக்கும் பிள்ளைகளுக்குத் தனிமை வந்துவிடும் என்பதையும் யோசித்திருக்கிறார்கள். நாடெங்கும் சிதறிக்கிடக்கும் மாணவர்களைப் பன்னிரண்டு ‘ஹவுஸ்’களாகப் பிரித்து நீலகிரி, வயநாடு, பிச்சாவரம், காசிரங்கா என்று காடுகளின் பெயர் வைத்தார்கள். ‘பாரடாக்ஸ்’ என்ற விழாவுக்கு அவர்கள் சென்னை கிண்டியில் உள்ள ஐஐடி வளாகத்துக்கு வருகிறார்கள். சந்தேகம் கேட்க டிஸ்கோர்ஸ் என்ற விவாதத் தளம் இருக்கிறது. என்பிடெல்லின் பழைய கூகுள் குழுமங்களில் ஒரு கேள்விக்கு மின்னஞ்சல் வழியாக நாட்கணக்கில் காத்திருந்த நினைவுள்ள எனக்கு, இந்த மாற்றம் வீடியோ தரத்தைவிடப் பெரியதாகத் தெரிகிறது.

தேர்வு? வினாடி வினாக்களும் பருவத் தேர்வும் மையத்தில் நேரில்தான். ஒரே ஓர் இடத்தில் விட்டுக்கொடுத்தார்கள். நிரல் எழுதும் தேர்வைக் கண்காணிப்பின் கீழ் இணையத்திலேயே நடத்தினார்கள், ‘ஓபிபிஇ’ என்று மாணவர்கள் சொல்வது அதைத்தான். செயலி உருவாக்கும் திட்டப்பணிக்கோ வைவா வைத்தார்கள். உன் நிரலில் இந்த வரி ஏன் இருக்கிறது என்று ஒருவர் கேட்பார், பதில் சொல்ல வேண்டும்.

2022 நவம்பர் 30-க்குப் பிறகு

அன்றுதான் சாட்ஜிபிடி வெளியானது. டெலிகிராமில் விடை தேடும் காலம் முடிந்தது, இனி ஒவ்வொருவர் பையிலும் தனித்தனியாக விடை சொல்லும் கருவி. வீட்டிலிருந்து எழுதும் எந்தத் தேர்வையும் எந்த அளவு நம்புவது என்ற குழப்பம் உலகெங்கும் பல்கலைக்கழகங்களைப் பிடித்துக்கொண்டது. என்பிடெல்லில் கிண்டிக்காரர்களுக்கு இதில் இழக்க அசைன்மென்டின் 25 மதிப்பெண்தான் இருந்தது. பிடிவாதம் என்று நான் நினைத்தது முன்யோசனையாக மாறிய தருணம் அது.

ஆனால் தேர்வறை ஒன்றே பதில் என்று அவர்கள் நின்றுவிடவில்லை. பிஎஸ் பட்டத்தின் ‘டூல்ஸ் இன் டேட்டா சயன்ஸ்’ பாடத்தில் ஏ.ஐ. கருவிகளைத் தாராளமாகப் பயன்படுத்தலாம், இணையத்தில் தேடலாம். வேலையிடத்தில் கருவியோடுதான் உட்காரப் போகிறாய், கருவியோடு என்ன செய்கிறாய் என்று காட்டு என்பது அந்தப் பாடத்தின் போக்கு. ஒரே பட்டத்துக்குள் கணிதத் தேர்வு வெறுங்கையோடும் கருவிப் பாடம் முழு ஆயுதத்தோடும் நடப்பது சிலருக்கு முரணாகத் தோன்றலாம். எனக்கு அது சரியாகவே படுகிறது. நீச்சல் கற்கும்போது மிதவையைக் கழற்றச் சொல்வோம், கடலுக்குப் படகில்தான் போவோம்.

எட்டாத இடங்கள்

இந்த முறையில் எனக்குக் குறைகளும் தெரிகின்றன, அவற்றைச் சொல்லாமல் விட மனமில்லை. தேர்வறையின் விலையைக் கொடுப்பவர்கள் தொலைவில் இருப்பவர்கள். எங்கள் கல்லூரியில் பேருந்து இருக்கிறது. தனியாகப் படிக்கும் மலைக்கிராமத்துப் பெண் முதல் நாளே கிளம்பி, தெரியாத ஊரில் தங்கி, கூட அப்பாவையும் அழைத்துக்கொண்டு வர வேண்டும். தேர்வுக் கட்டணத்தைவிட அந்தப் பயணத்துக்கு அதிகம் செலவாகும். பாடம் அவள் வீடு வரை வந்துவிட்டது, மையம் வரவில்லை. வட்டத் தலைநகர்களில் உள்ள அரசுக் கல்லூரிகளின் கணினி ஆய்வகங்கள் ஞாயிறன்று பூட்டித்தானே கிடக்கின்றன?

அடுத்தது மொழி. என்பிடெல் பாடங்கள் பலவற்றில் பேராசிரியர் பேசியதன் எழுத்து வடிவம் தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் கிடைக்கிறது, மனமார நன்றி சொல்கிறேன். தமிழ்வழியில் படித்து வந்த எங்கள் முதலாமாண்டுப் பிள்ளைகள் அதை அச்செடுத்து, வீடியோவின் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிப்பதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் கடைசியில் திரையில் வரும் கேள்வி ஆங்கிலத்தில்தான் வருகிறது. ‘இவற்றுள் எது பொருந்தாது’ என்பதை ஆங்கிலத்தில் இரட்டை எதிர்மறையாகக் கேட்டு, பாடம் தெரிந்த பிள்ளை மதிப்பெண் இழப்பதைப் பார்க்கும்போது கோபம் வருகிறது.

எங்கள் கல்லூரியில் இப்போது ஒன்று செய்கிறோம். கட்டாய எண்ணிக்கையை நிர்வாகம் கைவிட்டது, அதற்கு இரண்டு ஆண்டு பேசவேண்டியிருந்தது. பதிலுக்கு வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் என்பிடெல் பிள்ளைகள் ஓர் அறையில் கூடுகிறார்கள். அந்த வார அசைன்மென்டிலிருந்து ஒரு கேள்வியைச் சீட்டுப் போட்டு எடுப்போம். யார் பெயர் வருகிறதோ அவர் பலகைக்கு வந்து தமிழிலோ ஆங்கிலத்திலோ விளக்க வேண்டும். விடையை எங்கிருந்து எடுத்தாய் என்று நான் கேட்பதில்லை. சேர்வோர் பாதியாகக் குறைந்தார்கள், தேறுவோர் குறையவில்லை. போன அக்டோபர் தேர்வுக்கு இரண்டு பேருந்துக்குப் பதிலாக ஒன்று போனது. திரும்பி வரும் வழியில் பிள்ளைகள் கடைசி மூன்று கேள்விகளைப் பற்றி ஊர் வரும்வரை வாதாடிக்கொண்டே வந்தார்கள்.